நாற்பத்தாறுக்கும் முப்பதுக்கும் நடுவில்

டோ லா, டர்ஹம்
11 டிசம்பர் 1988

அன்புள்ள அண்ணனுக்கு,

மொரீன் எழுதுறேன். நீயும் ஹிலரி அண்ணியும் சுகம்தானே? அப்பாவை அடக்கம் பண்ணின அன்னிக்கு நீ இருமிக்கிட்டே இருந்தே. டாக்டரைப் பார்த்தியா? எங்க வீட்டுக்காரர் கென்னுக்கு முதுகுவலி, ஆனாலும் டிப்போவுல வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டுதான் இருக்கார். இங்க பனி முழங்கால் உயரம். ரெண்டு பஸ் மேட்டுல நின்னு போச்சு.

போன்ல பேசினா ரெண்டு நிமிஷத்துல நமக்குள்ள சண்டை வந்துடும். அதான் காகிதம். நான் பேசுற மாதிரிதான் எழுதுவேன், வாத்தியார் சிவப்பு மை எடுக்கக்கூடாது.

உயில் விஷயம். வீடும் பேங்குல இருந்ததும் எனக்கு. நம்ம பஸ் கம்பெனியில அவர் பேர்ல கடைசியா இருந்த 2,400 பங்கு உனக்கு. அதாவது நூத்துக்கு இருபத்தினாலு. அதுக்கு உண்டான வாரிசு வரியை நீதான் கட்டணும்னு எழுதி வச்சிருக்கார். பயப்படாதே. நம்ம கணக்கர் பாட்டின்சன் விசாரிச்சுட்டார். பங்குச் சந்தையில விலை போடாத நம்ம மாதிரி வீட்டுக் கம்பெனிப் பங்குன்னா, வரியை ஒரே அடியா கேக்க மாட்டாங்களாம். வருஷத்துக்கு ஒண்ணா பத்துத் தவணை. நாள் தவறாம கட்டினா வட்டி இல்ல. முதல் தவணை மே 31. உள்ளே ஒரு படிவம் இருக்கு, கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கோ.
மொரீன்

ஷ்ரூஸ்பரி
2 ஜனவரி 1989

அன்புள்ள மொரீனுக்கு,

கடிதம் கிடைத்தது. இருமல் குறைந்திருக்கிறது. ஹிலரி நலம், உன்னை விசாரிக்கச் சொன்னாள். கென்னின் முதுகுக்கு வெந்நீர்ப் பை நல்லது.

படிவத்தில் கையெழுத்திட்டு இணைத்திருக்கிறேன்.

இருபத்து நான்கு என்ற எண்ணை இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நூற்றுக்கு இருபத்தைந்தைக் கொஞ்சம் தாண்டினால் போதும், கம்பெனி விதிகளை யாரும் மாற்றாமல் தடுத்துவிடலாம் என்று ஒரு வக்கீல் நண்பர் சொன்னார். இருபத்து நான்கை வைத்துக்கொண்டு ஒன்றையும் தடுக்க முடியாதாம். அப்பாவுக்குக் கணக்கு நன்றாக வரும். ஆகவே இது தற்செயல் அல்ல.

நீ மறந்திருப்பாய். 1955 கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கல்லூரியிலிருந்து வந்து குரூக் நிறுத்தத்தில் பெட்டியோடு நின்றேன். நம் வண்டி வந்தது. நான் பிறந்த வருடத்திலிருந்து அதன் பக்கவாட்டில் ‘ரெய்ஸ்பெக் அண்டு சன்’ என்று இருக்கும். அன்று ‘ரெய்ஸ்பெக்’ மட்டும் இருந்தது. மற்ற எழுத்துகளின் மேல் புதுப் பச்சைச் சாயம், இன்னும் காயவில்லை. ஏன் என்று அப்பாவிடம் கேட்டேன். "லத்தீன் படிக்கிறவனுக்கு பஸ் எதுக்கு" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் முப்பத்து மூன்று வருடம் அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இப்போது பஸ் கிடைத்திருக்கிறது. வரியோடு.

புத்தாண்டு உனக்கு நன்றாக அமையட்டும்.
எட்வின்

டோ லா
12 மார்ச் 1989

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம். நீங்களும் அப்படியேன்னு நம்புறேன். கென்னுக்கு வெந்நீர்ப் பை கேட்டுது. "உங்க அண்ணன் லத்தீன்லதான் வைத்தியம் சொல்வார்னு நினைச்சேன்"னு சிரிக்கிறார்.

சாயம் பத்தி எழுதியிருந்தே. எனக்கு அப்போ பதினாலு வயசு. அந்தச் சாயம் எனக்கும் ஞாபகம் இருக்கு, ஆனா இப்ப அதைப் பேசி என்ன ஆகப்போகுது.

உன் பங்குக்கு வரி ஆபீஸ் விலை போடணும். விலை ஏறினா தவணையும் ஏறும். பங்கு ஒண்ணு பத்து பவுண்டுக்கு மேல போகாதுன்னு நானும் பாட்டின்சனும் வாதாடுறோம். அது நின்னா உன் தவணை வருஷத்துக்கு 400 பவுண்டு. நாங்க அனுப்பின கடிதத்தோட நகல் உள்ளே இருக்கு. சும்மா ஃபைல்ல போட்டு வை. ரொம்ப உத்துப் படிக்க வேண்டாம். வரி ஆபீஸுக்கு எழுதுறது வரி ஆபீஸுக்கு மட்டும்தான்.

மொரீன்

ஷ்ரூஸ்பரி
19 மார்ச் 1989

அன்புள்ள மொரீனுக்கு,

இங்கு நலம்.

உத்துப் படித்தேன். முப்பது வருடமாக அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"இந்தப் பங்குகள் கம்பெனிக்கு அந்நியரான ஒருவரைச் சேர்கின்றன. அவர் எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. நிர்வாகத்தில் அவருக்குச் சொல்லும் இல்லை, செல்வாக்கும் இல்லை. இனி உண்டாகும் என்று எதிர்பார்க்கவும் இடமில்லை."

நல்ல உரைநடை. ஒரு சொல் கூட அதிகம் இல்லை.

எட்வின்

டோ லா
28 மே 1989

அன்புள்ள அண்ணனுக்கு,

ரெண்டு மாசமா உன்கிட்டேருந்து ஒரு வரி கூட இல்ல. அண்ணிக்கு போன் போட்டேன். "தோட்டத்துல இருக்கார்"ன்னாங்க. மழை கொட்டுற சத்தம் போன்லயே கேட்டுது. உடம்பு சரியில்லையா, இல்ல என் மேல கோபமா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லு.

முதல் தவணை 400 பவுண்டு அனுப்ப மறந்துடாதே. புதன்கிழமை கடைசி நாள். விலையை ஆபீஸ் இன்னும் முடிவு பண்ணலை, பின்னாடி கூடினா மிச்சத்துக்கு வட்டி போடுவாங்க. ஆனா விலை ஏறாது. பாட்டின்சன் முகம் தெளிஞ்சிருக்கு.

நார்மன் உன் விலாசம் கேட்டான். பெரியப்பா மகனாச்சேன்னு குடுத்தேன். கம்பெனியில அவன்கிட்ட இருக்கிற நூத்துக்கு முப்பது பங்கைக் காட்டி நியூகாசில் பெரிய பஸ் கம்பெனியோட பேசிக்கிட்டிருக்கான்னு ஊரெல்லாம் பேச்சு. நான் ஒண்ணும் சொல்லலை.

மொரீன்

ஷ்ரூஸ்பரி
16 ஜூலை 1989

அன்புள்ள மொரீனுக்கு,

உடம்பு சரியாக இருக்கிறது. தவணை மே 30 அன்றே கட்டிவிட்டேன்.

உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். மார்ச் மாதமே நான் வரி அலுவலகத்துக்கு எழுதினேன். என்னைப் பற்றி அந்நியர் என்றும் சொல் இல்லாதவர் என்றும் எழுதப்பட்டிருப்பது தவறு, திருத்தவும் என்று. கம்பெனியில் பங்குதாரர்கள் மூன்றே பேர், அதில் ஒருவனை எப்படி ஒன்றுமில்லாதவன் என்பது? சான்றுக்குப் பட்டியலும் சேர்த்தேன்: என் தங்கைக்கு நாற்பத்தாறு, பெரியப்பா மகனுக்கு முப்பது, எனக்கு இருபத்து நான்கு. அவர்கள் இருவரும் 1971க்குப் பிறகு எதிலும் ஒத்துப்போனதில்லை என்றும் எழுதினேன். ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. எழுத உட்கார்ந்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

போன வாரம் பதில் வந்தது. மரியாதையான கடிதம். அந்த வாக்கியத்தை அவர்களும் ஏற்கவில்லையாம், ஆனால் என் காரணத்துக்காக அல்ல. பங்கு யாருடையது, அவர் கூட்டத்துக்கு வருகிறாரா என்பதெல்லாம் அவர்களுக்கு முக்கியமில்லை. அது எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம். நாற்பத்தாறும் முப்பதும் எதிரெதிரே நிற்கும்போது, இருபத்து நான்கு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் கம்பெனி. ஆகவே பங்கு ஒன்றுக்கு இருபத்தைந்து பவுண்டு.

என் தவணை இனி 400 அல்ல, 1,000. கட்டிய முதல் தவணையில் 600 பாக்கி, அதற்கு வட்டியும்.

அந்தக் கடிதத்தை நான் நான்கு முறை படித்தேன் மொரீன். ஐம்பத்து மூன்று வயதில், முகம் தெரியாத ஒரு வரி அதிகாரி சொல்லித்தான் அப்பாவின் கம்பெனியில் நான் யார் என்று எனக்குத் தெரியவேண்டியிருக்கிறது.

நார்மன் வந்திருந்தான். ஜாகுவார் கார் எங்கள் சந்துக்குள் திரும்பவில்லை, முனையில் விட்டுவிட்டு நடந்து வந்தான். ஹிலரி செய்த கேக்கில் மூன்று துண்டு சாப்பிட்டான்.

"என்னப்பா எட்வின், இன்னும் பசங்களுக்கு செத்த பாஷைதான் சொல்லிக் குடுக்கறியா?"

"உயிரோட இருக்கிற பாஷையிலதான் நீ பேசறியே, அது போதும்."

"கோவிச்சுக்காதே. பங்குக்கு நாப்பது தரேன். மொத்தம் தொண்ணூத்தாறாயிரம். நானும் பங்குதாரன், எனக்கு விக்கறதுக்கு நீ யாரையும் கேக்க வேண்டியதில்ல. நம்ம தாத்தா போட்ட விதி அப்படி."

"உனக்கு எதுக்கு?"

"எனக்கு எதுக்கு? நியூகாசில்காரனுக்கு. அம்பத்துநாலைக் கையில வச்சுக்கிட்டுப் போனா அவன் எனக்கு நாற்காலி போடுவான்."

யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். என் பள்ளியில் தலைமையாசிரியர் பதவிக்கு என்னை இரண்டு முறை தாண்டிப்போனார்கள், இரண்டாவது முறை விளையாட்டு ஆசிரியருக்காக. தொண்ணூற்றாறாயிரம் இருந்தால் நாளையே வெளியேறிவிடலாம்.

எட்வின்

டோ லா
23 ஜூலை 1989

அண்ணனுக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலை இல்ல. அண்ணிக்கு மட்டும் என் அன்பு.

பாட்டின்சன் உன் கடிதத்தோட நகலைப் பார்த்துட்டு கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சார். "மேடம், நாப்பது வருஷ சர்வீஸ்ல, எனக்கு வரியை ஏத்துங்கன்னு மனு போட்ட ஆளை இப்பதான் பார்க்குறேன்"ன்னார். ஆறு மாசம் நாங்க ரெண்டு பேரும் மல்லுக்கட்டினோம். பத்துல முடிஞ்சிருக்கும். உனக்கு மொத்தமா ஆறாயிரம் பவுண்டு மிச்சமாகியிருக்கும். ஒரு வாக்கியம் பொறுக்கலை உனக்கு!

அதுல எது பொய்? கூட்டத்துக்கு வந்தியா? 1962ல ஸ்டிரைக்கு நடந்தப்போ வந்தியா? அப்பாவுக்குக் கால் எடுத்தப்போ ஒரு ராத்திரி இருந்துட்டுப் போனே. உனக்குச் சொல் இருக்குன்னு காட்டணும்னா இங்க வந்து கத்தியிருக்கலாம். ரயில் டிக்கெட்டு பதினெட்டு பவுண்டு. நீ ஆறாயிரம் குடுத்து வரி ஆபீஸ்ல போய்க் கத்தியிருக்கே.

நார்மனுக்கு விக்கிறதா இருந்தா ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோ. பங்கை வித்த அன்னிக்கே தவணைச் சலுகை போயிடும். மிச்சமிருக்கிற ஒன்பதும் ஒரே அடியா கட்டணும். இது சட்டம். அப்பா உயிலுக்கு நிறைவேற்றாளரா உனக்குச் சொல்ல வேண்டியது என் கடமை, சொல்லிட்டேன்.

மொரீன்

ஷ்ரூஸ்பரி
24 செப்டம்பர் 1989

அன்புள்ள மொரீனுக்கு,

நலமா? இங்கே பள்ளி திறந்துவிட்டது. ஹிலரிக்குக் கையில் சிறு முறிவு, ஆறிவருகிறது. பதில் தாமதமானதற்கு அதைக் காரணமாகச் சொல்லலாம், ஆனால் காரணம் அது இல்லை.

நீ எழுதியதில் பொய் எது என்று தேடினேன். கிடைக்கவில்லை. அதனால் கோபம் குறையவில்லை.

ஆனால் வேறொன்று கிடைத்தது. நீ கணக்கில் கெட்டிக்காரி. பதினாறு வயதில் கண்டக்டர் பையைத் தோளில் போட்டவள், சில்லறையைப் பார்க்காமலே எண்ணுவாய். நாற்பத்தாறு, முப்பது, இருபத்து நான்கு. இதைக் கூட்டிப் பார்க்க உனக்கு ஒரு வரி அதிகாரி தேவைப்பட்டிருக்காது. உயில் படித்த அன்றே நீ கூட்டிவிட்டாய். என் பங்குக்கு மதிப்பில்லை என்று நீ எழுதியது வரி அலுவலகத்துக்கு மட்டும்தானா? ‘ரொம்ப உத்துப் படிக்க வேண்டாம்’ என்றாயே?

நார்மன் மறுபடி வந்தான். தவணை பற்றிச் சொன்னேன். "அந்த ஒன்பதையும் நானே கட்டிடறேன், விலைக்கு மேல. ஒரே செக். உனக்கு வேற என்ன சாக்கு இருக்கு?" என்று கேட்டான். அக்டோபர் 31 வரை பொறுப்பானாம்.

ஒரு வருடமாக நீ பனி, முதுகுவலி, பாட்டின்சன், எல்லாவற்றையும் எழுதுகிறாய். கேட்கவேண்டியதை மட்டும் நீ கேட்கவில்லை.

எட்வின்

டோ லா
22 அக்டோபர் 1989

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணி கை எப்படியிருக்கு? சுமை தூக்க விடாதே. கென் சுகம். எனக்குத் தூக்கம்தான் சரியில்ல.

ஆமா. கூட்டினேன். வக்கீல் உயிலை மடிச்சு உறையில போடுறதுக்குள்ள கூட்டிட்டேன். முப்பத்து ரெண்டு வருஷம் நான் ஓட்டின கம்பெனி, உன் கையெழுத்துல நிக்குது. உனக்கு அது தெரியாம இருக்கட்டும்னுதான் நினைச்சேன். உன் வரி குறையட்டும்னும் நினைச்சேன். ரெண்டும் நிஜம். எது முதல்லன்னு கேக்காதே, எனக்கே தெரியாது.

இன்னொண்ணையும் மறைச்சேன். போன வருஷம் செப்டம்பர்ல அப்பா உயிலை மாத்தினப்போ நான் பக்கத்துல இருந்தேன். "இந்தப் பங்கையும் என் பேர்லயே எழுதிடுங்கப்பா, நார்மன் வாலாட்ட மாட்டான்"னேன். அவர் சொன்னது: "வேண்டாம். எட்வினுக்குக் குடு. அவன் யார் பேச்சையும் கேக்க மாட்டான். உன் பேச்சையும் கேக்க மாட்டான், நார்மன் பேச்சையும் கேக்க மாட்டான். என் பேச்சையே கேக்கலை." அப்புறம் சாப்பாடு கேட்டார்.

திட்டினாரா, மெச்சினாரா, எனக்கு விளங்கலை. உனக்கு விளங்கும்னு பயந்துதான் சொல்லலை.

டிரைவர், கண்டக்டர், டிப்போ ஆளுங்கன்னு முப்பத்தோரு பேர். நியூகாசில்காரன் வந்தா டிப்போவை மூடிடுவான், அது எல்லாருக்கும் தெரியும். ஆனா நான் கேக்க மாட்டேன் அண்ணா. கேட்டு நீ மாட்டேன்னா என்னால தாங்க முடியாது. கேட்டு நீ சரின்னாலும், வருஷாவருஷம் நீ ஆயிரம் பவுண்டு கட்டுறப்போ எனக்குக் கட்டுற மாதிரி இருக்கும். அதுவும் தாங்க முடியாது.

மொரீன்

ஷ்ரூஸ்பரி
29 அக்டோபர் 1989

அன்புள்ள மொரீனுக்கு,

ஹிலரியின் கட்டு அவிழ்த்தாயிற்று. நீ தூங்கு.

நார்மனுக்கு இன்று எழுதிவிட்டேன். விற்கப்போவதில்லை. காரணம் இது: தவணைச் சலுகை என்பது சட்டம் எனக்குக் கொடுத்தது. பத்து வருடம், வட்டியில்லாமல். அதை இன்னொருவனுடைய காசோலைக்காக விட்டுக்கொடுப்பது முட்டாள்தனம். வேறு காரணம் எதுவும் இல்லை. உனக்காக அல்ல, டிரைவர்களுக்காகவும் அல்ல, அப்பாவுக்காக நிச்சயமாக அல்ல.

அவர் சொன்னதை வைத்துக்கொண்டு நான்கு நாள் தூங்கவில்லை. மெச்சினார் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை முப்பது வருடம் முன்னால் என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால், திட்டாக இருந்தாலும் நான் அதை வாங்கிக்கொண்டு வாழ்ந்திருப்பேன்.

வருடம் ஆயிரம் எனக்குச் சுலபமில்லை. சனிக்கிழமைகளில் இரண்டு பையன்களுக்குத் தனிப்பாடம் எடுக்கிறேன், அதில் ஒருவன் மந்தம். ஆகவே இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டுகிறவன் அந்நியன் அல்ல. இனி எனக்குப் பனியைப் பற்றி மட்டும் எழுதாதே.

எட்வின்

டோ லா
12 நவம்பர் 1989

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்க எல்லாரும் சுகம். நான் தூங்குறேன். அப்பாவுக்கு வியாழக்கிழமை வருஷம் திரும்பிச்சு, கல்லறைக்குப் போய் வந்தோம்.

தவணைச் சலுகையை விடக்கூடாதுன்னு நீ சொன்ன காரணம் சரியான காரணம். பாட்டின்சன் சிரிச்சார். நான் சிரிக்கலை.

ஒரு விஷயம். ஞாயித்துக்கிழமை ஸ்டான்ஹோப் போற வண்டி நஷ்டத்துல ஓடுது. நிறுத்திடணும்கறேன் நான். நிறுத்தக்கூடாதுங்கறான் நார்மன், பஸ் மேல பாசத்துல இல்ல, நான் சொல்லிட்டேன்கறதால. டிசம்பர் 5 கூட்டத்துல முடிவு பண்ணணும்.

நீ என்ன சொல்றே? சும்மா கேக்கலை. எனக்கு நிஜமாவே தெரியலை.

மொரீன்

ஷ்ரூஸ்பரி
15 நவம்பர் 1989

அன்புள்ள மொரீனுக்கு,

நலம். உன் கடிதம் நேற்று வந்தது.

நீ அனுப்பியது தகவல் இல்லை, வெறும் அபிப்பிராயம். நவம்பர் மாத ஞாயிறு எல்லாவற்றிலும் அந்த வண்டியில் எத்தனை பேர் ஏறினார்கள், எங்கே ஏறி எங்கே இறங்கினார்கள், திரும்பி வர அவர்களுக்கு வேறு வழி உண்டா என்று நிறுத்தம் வாரியாக எழுதி அனுப்பு. கண்டக்டரிடம் கேட்டு எழுதாதே, டிக்கெட் சுருளைப் பார்த்து எழுது.

நான் டிசம்பர் 2 சனிக்கிழமை மாலை ரயிலில் டர்ஹம் வருகிறேன். ஐந்தாம் தேதி வரை பள்ளியில் விடுப்பு சொல்லியாகிவிட்டது, காரணம் சொல்லவில்லை. ஞாயிறு காலை அந்த வண்டியில் ஸ்டான்ஹோப் போய்த் திரும்புவேன். டிரைவரிடம் நான் யார் என்று சொல்ல வேண்டாம். டிக்கெட்டை நானே எடுத்துக்கொள்கிறேன்.

அதைப் பார்க்காமல் எதுவும் சொல்ல மாட்டேன். நான் உன் பக்கம்தான் கை தூக்குவேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே.

எட்வின்